ஐந்தாவது ஆள்

உறையூருக்குக் கோழியூர் என்று இன்னொரு பெயர் உண்டு. யானையோடு சண்டை போட்டு ஒரு கோழி ஜெயித்ததாம். அப்படிப்பட்ட மண் என்பதால்தான் சோழர்கள் இங்கே தலைநகரம் வைத்தார்களாம். கதைதான். ஆனாலும் உறையூர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். சின்னது பெரியதை அடித்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் அந்தக் கோழி ஒரே ஒரு தடவைதான் சண்டை போட்டது! மறுநாள் காலை இன்னொரு யானை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதை சொல்லவில்லை.

சாம்பியன்ஷிப் என்பது அந்த மறுநாள் யானைதான். ஒரு மேட்ச் ஜெயிக்க ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் போதும். கோப்பையை ஜெயிக்க என்ன வேண்டும்?

இதற்கு நல்ல பாடம் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் இருக்கிறது. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகவே புரியும். அங்கே பந்து எறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். ஒரு மேட்சில் சுமார் நூறு பந்து எறிந்தால் அவர் தோள்பட்டை அவ்வளவுதான், அடுத்த சில நாட்களுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கல்லூரி லீக்கில் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ந்து மூன்று ஆட்டங்கள். அணியின் சிறந்த பிட்சர் வெள்ளிக்கிழமை எறிவார். அடுத்தவர் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு யார்? அங்கேதான் நல்ல அணியும் மிக நல்ல அணியும் பிரியும்.

1950 முதல் ஒமாஹா நகரத்தில்தான் இறுதிக் கட்டப் போட்டிகள் நடக்கின்றன. 2008-ல் அங்கே ஃபிரெஸ்னோ ஸ்டேட் என்ற கலிபோர்னியக் கல்லூரி அணி கோப்பையை வென்றது. அந்த வருடம் களமிறங்கிய 64 அணிகளில், நான்கு நான்காகப் பிரித்த முதல் சுற்றுக் குழுவில் கடைசி இடத்தில் வைக்கப்பட்ட அணி அது. அதைவிட முக்கியம், அவர்களின் முதல் பிட்சர் டானர் ஷெப்பர்ஸ் தோள் காயத்தால் ஆடவே இல்லை. மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றில் ஜார்ஜியாவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்று, அடுத்த இரண்டையும் வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் அவர்கள் எடுத்த ஆறு ரன்களையும் அடித்துக் கொண்டுவந்தவர் ஸ்டீவ் டெட்வைலர், அதுவும் கட்டைவிரல் தசைநார் கிழிந்த கையோடு! முதல் ஆள் இல்லாதபோது மற்றவர்களால் என்ன முடியும் என்பதுதான் அந்த அணியின் பலமாக இருந்தது.

சரி, ஒமாஹா எங்கே, உறையூர் எங்கே என்று கேட்கலாம். பேஸ்பால் திருச்சியில் பெரிய விளையாட்டு இல்லைதான். ஆனால் இதே பாடத்தைத் திருச்சி மாவட்டத்து ஆட்கள் வேறொரு விளையாட்டில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். நான்கு பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் தொடர் ஓட்டம். ரிலே.

லால்குடிப் பக்கத்துக்காரர் ஆரோக்கிய ராஜீவ். நீளம் தாண்டுதலில் ஆரம்பித்து, ராணுவத்தில் சேர்ந்து, 400 மீட்டருக்கு மாறியவர். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் தனிநபர் 400 மீட்டரில் வெண்கலம். 2018 ஜகார்த்தாவில் ஆண்கள் ரிலேயிலும் கலப்பு ரிலேயிலும் கடைசிக் கட்டம் ஓடியவர் அவர்தான். இரண்டிலும் வெள்ளி. பிறகு பஹ்ரைன் வீராங்கனை ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்க, கலப்பு ரிலே வெள்ளி தங்கமாக மாறியது.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியக் கலப்பு ரிலே அணியைப் பாருங்கள்: முகமது அனஸ், மதுரை ரேவதி, திருச்சி சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நால்வரில் மூவர் தமிழ்நாடு, அதில் இருவர் திருச்சி. பெருமைதான். ஆனால் நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி, ஹீட்டில் கடைசி இடம். ஜகார்த்தாவில் 3:15.71 ஓடிய அணி மூன்று வருடத்தில் நான்கு விநாடி பின்னே போனது எப்படி? ஜகார்த்தாவில் ஓடிய பெண்கள் இருவரும் டோக்கியோவில் இல்லை. ஹிமா தாஸுக்குக் காயம். ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம் முன்பு தேர்வு ஓட்டம் வைத்துப் புதியவர்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. ரேவதியும் சுபாவும் தங்களால் முடிந்ததை ஓடினார்கள், அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இவர்களைப் போன்றவர்களை இரண்டு வருடம் முன்பே சர்வதேச ஓட்டங்களில் இறக்கிப் பழக்கவில்லை என்பதுதான் குறை.

அதே டோக்கியோவில் ஆண்கள் ரிலே 3:00.25 ஓடியது. அப்போது அது ஆசிய சாதனை. ஒட்டுமொத்தமாக ஒன்பதாவது இடம். எட்டு அணிதான் பைனல்!

இரண்டு வருடம் கழித்து, 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டி. அந்த நால்வரில் இருவர் மாறியிருந்தார்கள். ராஜீவ், நோவா நிர்மல் டாம் இடத்தில் அஜ்மலும் ராஜேஷ் ரமேஷும். இருவர் மாறினால் அணி தடுமாற வேண்டும் இல்லையா? 2:59.05 ஓடி, ஹீட்டில் அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து, புது ஆசிய சாதனையோடு பைனலுக்குப் போனார்கள். அங்கே ஐந்தாவது இடம். கடைசிக் கட்டம் ஓடிய ராஜேஷ் திருச்சி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர்.

பெண்கள் பக்கமும் மெல்ல ஆள் சேர்ந்தது. வித்யா ராம்ராஜ், ஐஸ்வர்யா மிஸ்ரா, பிராச்சி என்று போட்டி போட ஆட்கள் வந்ததும் சுபாவும் முன்னைவிட வேகமானார். 2023 பாங்காக் ஆசியப் போட்டியில் கலப்பு ரிலே 3:14.70, தங்கம், தேசிய சாதனை. கடைசிக் கட்டம் சுபா. 2025-ல் குமியில் மறுபடியும் தங்கம். அப்போது சுபாவோடு ஓடியவர்கள் சந்தோஷ் குமார், ரூபல் சௌத்ரி, விஷால். பாங்காக்கில் ஓடிய மற்ற மூவரும் குமி அணியில் இல்லை. பெயர்கள் மாறின, இடம் மாறவில்லை. எதிரணிகள் மதிக்கிற அணிக்கு அடையாளம் இதுதான்.

இனிதான் முக்கியமான விஷயம்.

2024 மே மாதம், பஹாமாஸ் நாட்டின் நசாவ் நகரம். பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் உலக ரிலே போட்டி. முதல் நாள் இரண்டாவது கட்டம் ஓடிய ராஜேஷுக்குத் தசைப்பிடிப்பு. பாதியில் நின்றுவிட்டார். அணி ஓட்டத்தை முடிக்கவே இல்லை. மறுநாள் இன்னொரு வாய்ப்பு, ஹீட்டில் முதல் இரண்டு இடம் பிடித்தால்தான் பாரிஸ். ராஜேஷ் இடத்தில் யார்?

ஆரோக்கிய ராஜீவ். அப்போது 33 வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். இந்த ஓட்டத்தில் அது தாத்தா வயது. அனஸ், அஜ்மல், ராஜீவ், அமோஜ் என்ற வரிசையில் ஓடி, 3:03.23-ல் அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார்கள். பாரிஸ் டிக்கெட் கையில்.

ஆகஸ்டில் பாரிஸ் போன அணிப் பட்டியலில் ராஜீவ் பெயர் இல்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் ரயில் ஏறவில்லை. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அப்போதைக்கு வேகமானவர்கள் போனார்கள், 3:00.58 ஓடினார்கள், பைனல் கிடைக்கவில்லை. ஆனால் நசாவில் அந்த ஒரு சுற்று இல்லாவிட்டால் பாரிஸே கிடையாது.

ஐந்தாவது ஆளின் வேலை இதுதான். தினமும் முதல் நால்வருக்குச் சமமாகப் பயிற்சி செய்ய வேண்டும். அழைப்பு வரலாம், வராமலே போகலாம். வந்தால் முந்தின நாள்தான் தெரியும்.

அழைப்பு வராத கதையும் திருச்சியிலேயே இருக்கிறது. அந்த 2021 தேர்வு ஓட்டத்தில் சுபா 54.26, தனலட்சுமி சேகர் 54.27. இருவரும் திருச்சி. இடைவெளி ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு! தனலட்சுமியும் அணியோடு டோக்கியோ போனார், ஆனால் ஓடும் வாய்ப்பு கிடைக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் தன் சகோதரி இறந்துபோன செய்தி அவருக்குத் தெரிந்தது. ஒலிம்பிக் கவனம் சிதறக் கூடாது என்று வீட்டில் மறைத்திருந்தார்கள். ஓடாத ஓட்டத்துக்காக அவர் கொடுத்த விலை அது. 2022-ல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடைக்கு ஆளானார். அதற்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் டோக்கியோவில் காத்திருந்த அந்த நாட்கள் எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராது என்பதும் உண்மைதான்.

இப்போது கல்லூரி அணிகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கல்லூரி அணிக்கு வேறு எந்த அணிக்கும் இல்லாத ஒரு தொல்லை உண்டு. இளநிலைப் படிப்பு மூன்று வருடம்தான். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் மூன்றாவது வருடம் முடிந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் "அந்த செட் இருந்தப்போ நம்ம காலேஜ் எப்படி ஆடுச்சு தெரியுமா" என்ற பேச்சு எல்லா கேண்டீனிலும் கேட்கும். ஒரு செட் போனதும் அணி காலி என்றால், இருந்தது அணியே இல்லை, நாலு நல்ல ஆட்டக்காரர்கள், அவ்வளவுதான்.

வருடா வருடம் கோப்பைக்கு வரும் அணி வேறு மாதிரி. முதல் வருட மாணவரைச் சின்ன மேட்சில் இறக்கித் தோற்கவும் விடும். ரிசர்வ் ஆளுக்கும் ஷூ, பயணப்படி, முட்டை, பால் எல்லாம் முதல் ஆளுக்குக் கொடுப்பது போலவே கொடுக்கும். அட்டென்டன்ஸ் விஷயத்தில் ஆடியவருக்கு ஒரு நியாயம், உட்கார்ந்தவருக்கு ஒரு நியாயம் என்று பார்க்காது. கேட்கச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஐந்தாவது ஆள் நாளைக்கும் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வருவாரா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

அடுத்த முறை ஏதாவது ஒரு கல்லூரி அணி கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது, ஓரத்தில் டிராக் சூட் கழற்றாமலே நிற்பவரைக் கொஞ்சம் பாருங்கள். அந்த அணி அடுத்த வருடமும் பைனல் வருமா என்று தெரிய வேண்டுமானால், கேப்டனிடம் கேட்காதீர்கள். அவரிடம் கேளுங்கள்.