இடது காலடியில் தண்ணீர்

ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கூடத்தில் எந்த இடத்தில் நீர் சொட்டுகிறதோ, அதற்கு நேர் மேலே ஓடு உடைந்திருப்பதில்லை. உடைந்த ஓடு நான்கு முழம் தள்ளி எங்கோ இருக்கும். அங்கே இறங்கிய நீர் மரச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து வந்து, ஓர் ஆணியோ கணுவோ தடுக்கும் இடத்தில்தான் கீழே விழும். கோடையில் ஓடு மாற்ற வருபவரிடம் பாத்திரம் வைத்த இடத்தைக் காட்டினால், அவர் அதைப் பார்க்கவே மாட்டார். ஏணியை வேறெங்கோ சாத்துவார். தஞ்சைப் பக்கத்தில் நாட்டு ஓட்டு வீடுகள் அருகிவிட்டன. அந்த அறிவு ஒரு பிக்கப் வண்டியின் கேபினுக்குள் எங்களுக்கு மீண்டும் தேவைப்பட்டது.

நாங்கள் என்பது அண்ணன், தம்பி, தங்கையின் கணவர் என மூன்று பேர். சுவாமிமலையில், கோயிலுக்குச் சற்றுத் தள்ளிய தெருவில், மூவருக்கும் சேர்த்து ஒரே வண்டி. பழைய வண்டியாக வாங்கியது. அறுபது படி ஏறி முருகனைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் கடைவீதியில் பார்க்கிற ஐம்பொன் சிலைகளின் பின்னால் ஓயாத போக்குவரத்து ஒன்று உண்டு. ஆற்று வண்டல் மண் வரவேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் வரவேண்டும். அச்சைச் சுட வறட்டி வரவேண்டும். செம்பும் பித்தளையும் ஈயமும் வரவேண்டும். முடிந்த சிலை வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் ஏறி வெளியே போகவேண்டும். இங்கே வார்க்கிற சிலைகளில் பெரும்பாலானவை உள்ளே கூடு இல்லாத கன வார்ப்பு. மூன்றடி நடராசரைத் தூக்குவதற்கு நாலு ஆளாவது வேண்டும். அந்தப் போக்குவரத்தில் ஒரு சிறு பங்கு எங்களுடையது.

பின்னால் ஏற்றும் சரக்குக்குத் தார்ப்பாய் உண்டு, அது நனைந்ததில்லை. நனைந்தது கேபின். அதிலும் இடது பக்கக் காலடி மட்டும். ஐப்பசியில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தபோது மிதியடியின் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. துடைத்தோம். மறுநாள் மீண்டும் நின்றது. அதற்கடுத்த நாளும் மழைதான், ஆனால் ஒரு சொட்டு இல்லை. வண்டி ஓடும்போது வலப்புறம் வளைந்தால், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து யாரோ செம்பைக் கவிழ்த்ததுபோல் குபுக்கென்று கொட்டியது. இடப்புறம் வளைந்தால் ஒன்றுமில்லை.

இதைச் சிறு தொல்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே மாதத்தில் ஒரு ஸ்தபதியின் தாள்கள் நனைந்தன. புதிதாக வார்த்த சிலையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், அது தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் வேண்டும். நூறாண்டு கடந்த சிலை நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் இருந்தும் நம் கோயில்களிலிருந்து எத்தனை போயின என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து வீடு திரும்பியதே பெரும் கதை. களவாடியவர்கள் செய்த வினைக்கு, நேற்று வார்த்த சிலையைக்கூட 'இது நேற்று வார்த்தது' என்று நிரூபித்துவிட்டு அனுப்பவேண்டிய நிலை இன்றைய ஸ்தபதிக்கு. அந்தச் சான்றிதழும், சிலையின் புகைப்படங்களும் இருந்த பை, ஒரு வளைவில் இருக்கையிலிருந்து சரிந்து அந்தக் காலடியில் விழுந்தது. மை கரைந்து, முத்திரை ஊதா நிறக் கறையாகிவிட்டது. சிலை அந்த மாதக் கப்பலில் போகவில்லை. ஸ்தபதி எங்களைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த சரக்கை வேறு வண்டியில் ஏற்றினார், அவ்வளவுதான். சுவாமிமலை சிறிய ஊர். யார் வண்டியில் யார் சரக்கு போகிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள்.

வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரின் மேல் சிலிக்கான் பசையைப் பூசித் தந்தார்கள். இரண்டு நாள் கேபினுக்குள் புளித்த காடியின் நெடி வீசியது. அடுத்த அடைமழையில் தண்ணீர் பழையபடி நின்றது. இரண்டாம் முறையும் அதே பூச்சு, இன்னும் தடிப்பாக. காடி நெடி வீசும் வகைப் பசை காயும்போது அமிலத்தை வெளிவிடும். வண்ணம் உரிந்த இரும்பில் பட்டால் துருவை விரைவுபடுத்தும். வண்டித் தகட்டுக்கு அந்த வகை ஆகாது என்பதை டிங்கரிங் வேலை தெரிந்த ஒரு பெரியவர் பின்னர் சொன்னார். அவரே இன்னொன்றும் சொன்னார்: "ஓட்டையைத் தேடாதீங்க தம்பி. தண்ணி எங்கேருந்து கிளம்புதுன்னு பாருங்க."

தேடலை ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். மிதியடியையும் அதன் கீழிருந்த சணல் விரிப்பையும் பெயர்த்து எடுத்தோம். விரிப்பு ஒரு நனைந்த நெல் மூட்டையின் கனம் கனத்தது. தகட்டைப் பழைய வேட்டியால் ஒற்றி, அடுப்பங்கரையிலிருந்து ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்து உலர்த்தினோம். பிறகு வீட்டிலிருந்து கோலமாவு வந்தது. என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டின் உட்பக்கம், கதவின் கீழ்விளிம்பு, கண்ணாடியின் இரு ஓரத்துத் தூண்கள் என எல்லா இடத்திலும் மாவை மெல்லத் தூவித் தேய்த்தோம். நீர் எந்த வழியில் வந்தாலும் மாவின் மேல் ஒரு கறுத்த கோடு கிழித்துவிட்டுத்தான் வரும். தெருவில் போனவர்கள் வண்டிக்குப் பூசை போடுகிறோம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. நீரை ஒருபோதும் மேலிருந்து ஊற்றித் தொடங்கக்கூடாது. கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் வழியும். எது நுழைந்தது என்று தெரியாது. கீழிருந்து மேலே போகவேண்டும். ஓர் இடத்துக்குப் பத்து நிமிடமாவது பொறுக்கவேண்டும். அதற்குள் அடுத்த இடத்துக்கு மாறக்கூடாது. மைத்துனர் டார்ச் விளக்கோடு உள்ளே குந்தினார். அண்ணன் ரப்பர் குழாயைப் பிடித்தார். தம்பி கடிகாரம் பார்த்தார். கதவின் அடிப்பாகம்: ஒன்றுமில்லை. கதவுக்கண்ணாடி: கதவுக்குள் இறங்கிய நீர் கதவின் அடித்துளை வழியாகவே வெளியேறியது, அது முறைதான். பின்கண்ணாடி ரப்பர், கூரையின் மடிப்பு, ரேடியோக் கம்பியின் துளை: ஒன்றுமில்லை. முன்கண்ணாடியில் நீர் விட்ட ஏழாம் நிமிடம் மைத்துனர் உள்ளிருந்து தட்டினார்.

அந்தப் பட்டறை சொன்னதே சரி என்று இங்கே ஒருவர் முடித்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடியில் விடும் நீர் கண்ணாடியோடு நிற்பதில்லை. வழிந்து, வைப்பர்கள் நிற்கும் இடத்திலிருக்கும் துளைபோட்ட கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டுக்குள் இறங்குகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் தகட்டின் மேல் ஒரு தாளை விரித்து ஓரங்களை ஒட்டி, கண்ணாடியில் மட்டும் கால் மணி நேரம் நீர் விட்டோம். உள்ளே மாவு வெண்மையாகவே இருந்தது. தாளை எடுத்துவிட்டு, கண்ணாடியில் ஒரு துளியும் படாமல், தகட்டின் துளைகளில் குவளை குவளையாக ஊற்றினோம். ஒன்பதாவது குவளைக்குப் பிறகு காற்று வரும் புளோயர்ப் பெட்டியின் அடியிலிருந்து நீர் இறங்கியது.

ஒரே மழையில் ஒரு நாள் ஒழுகி ஒரு நாள் ஒழுகாததற்கும் விடை அப்போது கிடைத்தது. எங்கள் தெரு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்தது. வீட்டெதிரே நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் சாயும். கோயிலருகே சமதரையில் நிறுத்திய இரவுகளில்தான் கேபின் உலர்ந்திருந்தது. வலப்புறம் வளையும்போது நீர் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதைத் தளும்பும் குடத்தோடு பேருந்தில் போன எவரும் சொல்லிவிடுவார்கள்.

பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினோம். அதன் கீழே வண்டியின் அகலத்துக்கு ஒரு தொட்டி. மழைநீர் அதில் விழுந்து, இரு முனையிலும் உள்ள துளைகள் வழியாக முன்சக்கரத்தின் பின்னால் இறங்கிப் போகவேண்டும். கேபினுக்குள் போகும் காற்றும் அதே தொட்டியிலிருந்துதான் உறிஞ்சப்படுகிறது. அந்த வாயைச் சுற்றி ஒரு விரல் உயர விளிம்பு கட்டியிருக்கிறார்கள், நீர் ஏறாதிருக்க. வலது துளை திறந்திருந்தது. இடது துளையைக் காணவில்லை. புங்கமரத்து நிழலில் நிற்கும் வண்டி அது. புங்கம்பூவும் இலைத்துணுக்கும் புழுதியும் மட்கி, நாற்றங்காலுக்குப் போடலாம்போல் கருகருவென்று ஒரு பிடி மண்ணாகியிருந்தன. அந்த மண்ணில் நான்கு இலை விட்ட ஓர் அரசங்கன்று நின்றது. கோபுரத்துச் சுதையில் முளைப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அங்கே நின்றது வியப்பாக இல்லை. அதன் வேர் துளையைத் தேடி இறங்கி, துளையின் முனையில் வாத்தின் அலகுபோல் ஒட்டியிருந்த ரப்பர் வாயை முழுதாக அடைத்திருந்தது.

ஆக, வண்டியில் ஓட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. போகும் வழி அடைபட்டதால் நீர் வரும் வழியைத் தேடிக்கொண்டது. டெல்டாவில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேட்டூர் திறக்கும் நாளைப் பற்றி நாம் பேசாத ஆண்டு இல்லை. கல்லணையில் பூத்தூவுவதைப் படம் பிடிக்காத நாளிதழ் இல்லை. வடிகாலுக்குப் பூத்தூவியவர் எவருமில்லை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும் வடிவாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி விவசாயிகள் மனுக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். 2008 நவம்பரில் 'நிஷா' புயல் மழை கொட்டியபோது, வானத்தைக் குறைசொன்னவர்களைவிட வடிகாலைக் குறைசொன்னவர்களே ஊரில் அதிகம். சம்பாப் பயிர் நீரில்லாமல் சாவதும் இங்கேதான், நீர் வடியாமல் அழுகுவதும் இங்கேதான்.

சிலைப் பட்டறையில் இந்த அறிவு வேறு உருவத்தில் இருக்கிறது. மெழுகு உருவத்தின் மேல் வண்டல் பூசி அச்சுச் செய்யும்போது, உலோகம் இறங்க ஒரு வாய் வைப்பதோடு வேலை முடிவதில்லை. உள்ளிருக்கும் காற்று ஏறி வெளியே போகவும் வழி வைக்கவேண்டும். அது அடைபட்டால், விரலோ திருவாசியின் ஒரு சுடரோ நிரம்பாமல் குறைப்பட்டு நிற்கும். அச்சை உடைத்த பிறகுதான் அது தெரியும். மெழுகோ முன்பே உருகிப் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்துதான். ஊற்றும் வாயைவிட இந்தச் சிறு வழிகளைத்தான் மூத்த ஸ்தபதிகள் இரண்டு முறை தடவிப் பார்ப்பார்கள்.

துளையைத் திறக்கத் தென்னை ஈர்க்கு போதுமானதாக இருந்தது. பிறகு சைக்கிள் பம்பின் குழாயைக் கீழிருந்து செருகி அடித்ததில் எஞ்சிய சேறும் வந்தது. ஒரு வாளி நீரைத் தொட்டியில் சாய்த்தோம். இரு பக்கமும் சரசரவென்று இறங்கியது. அதன் பிறகுதான் உண்மையான வேலை. காலடித் தகடு ஓரிடத்தில் திருகுமுனையால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்குத் துருவேறியிருந்தது. அதை வெட்டி ஒட்டுப் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்தோம். பியூஸ் பெட்டியின் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமையாக வரும் களிம்பு இதுதான். செம்போடே பிறந்தது என்பார்கள். எங்கள் செம்பின் களிம்பு ஐப்பசியில் வந்தது, உப்புத்தாளில் தேய்த்ததும் போயிற்று. முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த பசையைச் சுரண்டி எடுக்கத்தான் ஒரு முழு நாள் பிடித்தது.

தொட்டியின் மேல் கொசுவலை கட்டலாம் என்று மைத்துனர் சொன்னார். வலையும் அடையும், அப்போது நீர் உள்ளே இறங்கவே இறங்காது என்று அண்ணன் மறுத்தார். இந்த வாதம் இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு, வெள்ளிக்கிழமை வண்டி கழுவும்போது தகட்டைத் தூக்கி விரல்விட்டுத் துழாவுவது வழக்கமாகியிருக்கிறது. புங்கமரத்தை வெட்டும் பேச்சு எழவில்லை. சித்திரை வெயிலில் அந்த நிழல் இல்லாமல் வண்டிக்குள் கால் வைக்க முடியாது.

கார்த்திகை பாதியில், இடைவிடாத மழை மூன்று நாள் பெய்த பிறகு, அந்த ஸ்தபதியே குடை பிடித்துக்கொண்டு வந்தார். திருச்சி வரை ஒரு சிவகாமி போகவேண்டும் என்றார். பெட்டியைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ பேசவில்லை. குடையை மடக்கி மைத்துனரிடம் கொடுத்துவிட்டு, இடது கதவைத் திறந்து, குனிந்து, மிதியடியைத் தூக்கி, அதன் கீழே தகட்டில் உள்ளங்கையை வைத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். வேட்டியில் ஒரு முறை துடைத்துக்கொண்டு, "காலையில அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்றார்.