ஏரிக்கரையில் ஒரு பாய் விரித்து...

"நம்ம ஊர் ஏரிக்குள்ளே மேடை கட்டப் போறாங்களாம்! சிங்கப்பூர் பூங்காவிலே இருக்கே, அதே மாதிரி! நீதான் அங்கே போறியே, நல்லாப் பார்த்துட்டு வா."

சென்ற ஏப்ரலில் நான் பெட்டி கட்டிக் கொண்டிருந்தபோது என் கணவர் இப்படிச் சொன்னார். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது குழந்தை. அவள் வேலைக்குத் திரும்புமுன் கொஞ்ச நாள் ஒத்தாசையாக இருக்கத்தான் நான் கிளம்பினேன். மேடையாவது, மண்ணாங்கட்டியாவது என்று அப்போது தோன்றியது.

ஆனால் ஏரிப் பூங்கா என்றதும் என் மனசு திடுக்கென்றது. போன பொங்கல் விழாவை அந்தப் பூங்காவில்தான் வைத்தார்கள். ஆட்டமும் பாட்டும் அமர்க்களமாக நடக்கும்போது மின்சாரம் போய்விட்டது. ஒரே கும்மிருட்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் நாலு வயசுப் பையன் அவள் கையை உதறிவிட்டு ஓடினான். யாரோ ஒரு புண்ணியவான் டார்ச் அடித்துப் பார்த்தபோது குழந்தை தண்ணீருக்கு இரண்டடி தூரத்தில் நின்று அழுது கொண்டிருந்தான்! அதோடு அவள் பூங்காப் பக்கமே வருவதில்லை. மற்றப் பெண்களோ, கழிப்பறை இல்லாத இடத்தில் எத்தனை நேரம் உட்காருவது என்று ஏற்கெனவே எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

அங்கேதான் இப்போது நிரந்தர மேடை கட்டப் போகிறார்கள். அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டேன்.

தோட்டத்தில் ஒரு மாலை

மே மாதம் இரண்டாவது ஞாயிறு, அன்னையர் தினம். "அம்மா, தாவரவியல் பூங்காவிலே இன்னிக்கு இலவசக் கச்சேரி. போகலாமா?" என்றாள் மகள். சிங்கப்பூர் சிம்பொனி வாத்தியக் குழுவினர் பல வருஷங்களாக அன்னையர் தினத்தையொட்டி அங்கே வாசிக்கிறார்களாம். மாப்பிள்ளை பாயைச் சுருட்டி எடுத்துக் கொண்டார். நான் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டினேன். மூன்று மாதக் குழந்தை, நாலு வயசுப் பேரன், நாங்கள் மூவர்... டாக்ஸி பிடித்து நாசிம் வாசலில் இறங்கினோம்.

1859-ல் தொடங்கிய தோட்டம் அது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் மூலமே இங்கேதான். மரம் பட்டுப் போகாமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்ற தாவர நிபுணர் இங்கேதான் கண்டுபிடித்தார். நம் ஜனங்கள் கப்பலேறிப் போய்ப் பாடுபட்ட அந்த ரப்பர்க் காடுகளை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன். 2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனாலும் உள்ளே நுழையக் காசு கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். விடியற்காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கிறது.

பாட்டும் இந்தத் தோட்டத்துக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் துரைமார்களுக்காக ராணுவ பாண்டு வாசிப்பார்களாம். 1930-ல் கட்டிய எண்கோண மண்டபம் மேட்டின் மேல் இன்னும் அழகாக நிற்கிறது. 1959 ஆகஸ்டில் மலாய், சீன, இந்தியக் கலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பொதுஜனங்களுக்கென்றே இங்கே விழா நடத்தினார்கள். துரைகள் கேட்ட தோட்டத்தில் ஊரே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தது!

இப்போது கச்சேரி நடக்கும் இடம் சிம்பொனி ஏரி. இது தோண்டி உண்டாக்கிய ஏரி. நடுவில் சின்னத் தீவு, அதன் மேல் கூரை போட்ட மேடை. தண்ணீருக்கு இந்தப் பக்கம் பச்சைப் புல் சரிவு. நாற்காலி கிடையாது. அவரவர் பாயை விரித்து உட்கார வேண்டியதுதான். சரிவாக இருப்பதால் முன்னால் இருப்பவர் தலை நமக்கு மறைப்பதில்லை. மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவே தண்ணீர் இருப்பதால் யாரும் மேடையை முற்றுகையிட முடியாது. கயிறு கட்டிப் பிடிக்கப் போலீஸும் வேண்டாம்!

"சாயங்காலம் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று சூடா இருந்தா, சத்தம் மேலே போகாம கீழ்ப் பக்கமா வளையும். அதனாலே ரொம்ப தூரம் கேட்கும்" என்று மாப்பிள்ளை விளக்கினார். அவர் கட்டட இஞ்சினீயர். சின்ன வயசில் ஏரிக்கு அக்கரையில் துணி துவைப்பவர்கள் பேசுவது இக்கரையில் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

வாசிப்பு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது. நான் அவளைத் தோளில் போட்டுக் கொண்டு சரிவின் மேல் பக்கம் போனேன். அங்கே இன்னும் நாலைந்து பெண்கள் குழந்தையைத் தட்டிக் கொண்டு உலாத்துகிறார்கள்! அங்கிருந்தும் மேடை தெரிகிறது, இசையும் கேட்கிறது. குழந்தையும் தூங்கிப் போனாள். கீழே பார்த்தேன். பேரன் புல்லில் உருள்கிறான். மகள் முழங்காலைக் கட்டிக் கொண்டு, கண்ணை மூடிக் கேட்கிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "மூணு மாசமாச்சும்மா, ஒரு பாட்டை முழுசாக் கேட்டு."

எனக்குச் சுருக்கென்றது. சபாவில் கச்சேரி கேட்கப் போனால், குழந்தை அழுத உடனே தாய் எழுந்து வெளியே போக வேண்டும். அதற்குப் பயந்தே எத்தனை பேர் போவதை விட்டுவிட்டோம்! இங்கே யாரும் முறைக்கவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. நோட்டை எடுத்து முதல் வரி எழுதினேன்: 'மேடை எங்கே என்று யோசிக்குமுன், கைக்குழந்தைக்காரி எங்கே உட்காருவாள் என்று யோசிக்க வேண்டும்.'

அப்படியே எடுத்து வைக்கலாமா?

ஊர் திரும்பியதும் வரைபடத்தைக் காட்டினார்கள். ஏரிக்குள் தூண் எழுப்பி மேடை. அங்கே பார்த்த அழகை இங்கேயும் கொண்டு வரும் ஆசைதான். ஆனால் சகோதரிகளே, அந்த ஏரி அலங்காரத்துக்காகத் தோண்டியது. நம்முடையது பாசனத்துக்காக ஏற்பட்டது. மார்கழியில் கலங்கல் தொட்டு நிற்கும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். ஒரு பருவத்தில் மேடையைத் தண்ணீர் சூழும், இன்னொரு பருவத்தில் காய்ந்த சேற்றுக்கு மேல் மேடை தனியே நிற்கும். ஏரிக்குள் போடும் மண்ணும் காங்கிரீட்டும் அத்தனை தண்ணீரைக் குறைக்கும் என்பதும் உண்மைதானே?

பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து, மாப்பிள்ளையிடம் போனில் சந்தேகம் கேட்டு, ஒரு மனு தயார் செய்தோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு யோசனை வந்தால் உதவும் என்று சாராம்சத்தைச் சொல்கிறேன்.

மேடை பூங்காவுக்குள்ளேயே இருக்கட்டும். ஏரிக்கரையை வெட்டிப் படிக்கட்டு ஆக்கக் கூடாது, கரை பலவீனப்படும். தூர் வாரும் மண்ணைக் கொண்டு தனியாக ஒரு புல்மேடு போட்டால் உட்காரச் சரிவு கிடைத்துவிடும். ஜனங்கள் மேற்கு பார்த்து உட்காரும்படி வைக்காதீர்கள், சாயங்கால வெயில் கண்ணைக் குத்தும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கும், தள்ளுவண்டிக்கும், சக்கர நாற்காலிக்கும் சாய்வுப் பாதை வேண்டும். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளமாவது இருக்க வேண்டும்.

தண்ணீர் ஓரம் முழுக்கக் கம்பி வேலி தேவை. கம்பிகள் நெட்டுக்குத்தாக, நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். குறுக்குக் கம்பி வைத்தால் நம் வானரங்கள் ஏணியாக்கி ஏறிவிடும்! பாதை விளக்குகளை மேடை மின்சாரத்தோடு சேர்க்காமல், பாட்டரி வசதியோடு தனி இணைப்பில் போடவேண்டும். மேடை இருண்டாலும் வழி இருளக் கூடாது.

பெண்கள் கழிப்பறை ஆண்களுக்கு இருப்பதைப் போல இரண்டு பங்கு வேண்டும். பக்கத்திலேயே, பாலூட்ட ஒரு தடுப்பு அறையும் குடிதண்ணீர்க் குழாயும் இருக்கட்டும். குழாயடியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும், அதனால் வடிகால் அவசியம்.

கடைசியாக, சத்தம். எங்கள் ஏரிக்கு அக்கரையில் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. நமக்கு இனிக்கும் பாட்டு, தண்ணீர் மேல் போய்ப் பச்சைக் குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுக்கலாமா? ஒலிபெருக்கிகள் ஏரிக்கு முதுகு காட்டி நிற்கட்டும் என்று எழுதினோம். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் விழாக்களுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம், அவ்வளவுதான்.

பாய்ப் பரீட்சை

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "மேடையைப் பத்திப் பேசச் சொன்னா, இந்தம்மா கக்கூஸைப் பத்திப் பேசறாங்களே!"

முகம் சிவந்து விட்டது எனக்கு. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டுப் பெண்! "அண்ணா, அன்னிக்கு இருட்டிலே என் பையன் தண்ணி ஓரம் நின்னானே, நீங்களும் இருந்தீங்களே?" என்று மட்டும் கேட்டாள். சிரிப்பு அடங்கி விட்டது.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஏரிக்குள் மேடை என்பதைக் கைவிட்டார்கள். வேலி, தனி விளக்கு, சாய்வுப் பாதை மூன்றையும் ஒப்புக் கொண்டார்கள். ஆண்களுக்கு நாலு கழிப்பறை என்றால் எங்களுக்கு எட்டு கேட்டோம், ஆறுக்குத்தான் சம்மதித்தார்கள். பாலூட்டும் அறை 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் இருக்கிறது. நாங்களும் விடுவதாக இல்லை!

வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேடு வரப் போகும் இடத்தில் நாங்கள் எட்டுப் பேரும் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தோம். மேடை வரும் இடத்தில் என் கணவரை நிற்க வைத்து, "தெரியறாரா? பேசறது கேட்குதா?" என்று பரீட்சை. கடைசிப் பாயில் பக்கத்து வீட்டுப் பெண். பையன் அவள் மடியில்.

"தெரியறார் அக்கா, நல்லாவே கேட்குது" என்றாள்.

ஆனால் கையை மட்டும் அவள் இன்னும் விடவில்லை. வேலி வந்த பிறகு விடுவாள்.