கோடியக்கரைக்கு ஒரு நாள்

பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கிற சகோதரிகளுக்கு நான் கோடியக்கரையைத்தான் சொல்வேன். நாகை மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளினாரே, அதே வேதாரண்யம்தான். உப்பளம் தாண்டியதும் காடு தொடங்கிவிடும்.

வெளிமானைக் காப்பதற்காக 1967-ல் இதைச் சரணாலயமாக்கினார்கள். கிடாவுக்குத்தான் அந்த அழகான முறுக்குக் கொம்பு. பெட்டைக்குக் கொம்பு கிடையாது, பழுப்பு நிறம். "இங்கேயும் ஆம்பிளைக்குத்தான் அலங்காரமா?" என்றாள் என் பெண்! மட்டக்குதிரைகளும் கூட்டமாய்த் திரிகின்றன. எப்போதோ மனிதர் வளர்த்து விட்டவற்றின் வாரிசுகளாம். பார்க்க அழகுதான், ஆனால் மான் மேயும் புல்லை இவையும் மேய்கின்றன. போதாததற்குச் சீமைக்கருவேலம் வேறு புல்வெளியை அடைத்துக்கொண்டு வருகிறது.

என் மாமியாருக்கு மானெல்லாம் இரண்டாம் பட்சம். 'பொன்னியின் செல்வன்' பத்திரிகையில் மறுபடி தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துத் தைத்து வைத்தவர். பூங்குழலி படகு விட்ட கரையையும் அந்தக் கலங்கரை விளக்கத்தையும் முழங்கால் ஒத்துழைக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

இங்கே விளக்கு எதற்கு என்பது நேரில் பார்த்தால்தான் புரிகிறது. வடக்கேயிருந்து வரும் கரை இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேரும் இடம். கரையோ தட்டை. குன்று என்று ஒன்று கிடையாது, ராமர் பாதம் இருக்கும் மேடுதான் இங்கே உயரம். இருட்டில் வரும் படகுக்கு வெளிச்சத்தை விட்டால் வேறு அடையாளம் ஏது?

பிற்காலத்தில் கட்டிய விளக்குகள் இருக்கின்றன. மாமியார் தேடியது சோழர் காலத்ததை. கரையில் ஒரு பெரியவர் இடத்தைக் காட்டினார். "மிச்சமிருந்த செங்கல் கட்டடமும் 2004 டிசம்பர் 26-ல போயிடுச்சும்மா."

மாமியார் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆயிரம் வருஷத்துக் கட்டடமாயிற்றே என்று புலம்பப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "உங்க வீட்ல எல்லாரும் தப்பிச்சாங்களாப்பா?" என்று கேட்டார். பெரியவர் கடலைப் பார்த்தபடி, "ரெண்டு பேரு" என்றார். தப்பினது ரெண்டு பேரா, போனது ரெண்டு பேரா, நாங்கள் கேட்கவில்லை. ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நாகை மாவட்டம்தானே. மாமியார் அதற்கப்புறம் செங்கல் பேச்சையே எடுக்கவில்லை. எங்கள் பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, "பேரப்பிள்ளைங்களுக்குக் கொடுங்க" என்றார்.

போகிறவர்கள் மழை ஓய்ந்த ஜனவரியில் போங்கள். பூநாரைகள் சதுப்பில் அலகைத் தலைகீழாய் விட்டு இரை தேடுவதைப் பார்க்கலாம். உண்ணும் இரையால்தான் அவற்றுக்கு அந்த இளஞ்சிவப்பு என்று சொன்னேன், என் பையன் அன்று கேரட் பொரியலை மறுக்காமல் சாப்பிட்டான்! மான் பார்க்கக் காலையோ சாயங்காலமோதான் நல்லது. காட்டுக்குள் கடை இருக்காது, குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப்போங்கள். வெறும் பொட்டலக் காகிதத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பையும் வேண்டும்.