‘அப்ஸ்காண்டட்’

உள்நோயாளி ஒருவர் சொல்லாமல் வெளியேறிவிட்டால் மருத்துவமனைக் கோப்பில் ‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதுகிறார்கள். தலைமறைவான குற்றவாளிக்குக் காவல்துறையும் நீதிமன்றமும் ஆளும் அதே சொல். கையெழுத்திட்டுவிட்டுப் போனால் ‘லாமா’, அதாவது மருத்துவ அறிவுரைக்கு எதிராக வெளியேறியவர். கையெழுத்திடாமல் போனால் தப்பியோடியவர். இரண்டு தொடர்களிலும் எழுவாய் நோயாளி மட்டுமே. ஏன் போனார் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மணிப்பூரில் ஓர் அரசு மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைப் பிரிவின் கோப்பொன்றில் இச்சொல் விழுந்தது. நோயாளி முப்பதைத் தாண்டிய வாகன ஓட்டுநர். அவ்வூரில் ‘நம்பர் ஃபோர்’ எனப்படும் ஹெராயினைப் பல ஆண்டுகளாக ஊசி வழியே எடுத்துவந்தவர். கை நரம்புகள் சுருங்கிப் போனபின் தொடை இடுக்கில் குத்தத் தொடங்கியிருந்தார். அங்கே சீழ்க்கட்டி, கடுங்காய்ச்சல். உடன் வந்தவர் அவருடைய தாய், அவர் ‘இமா’ என்று அழைக்கும் அந்த அம்மாள். சேர்த்த உடனே பையைச் சோதித்து ஊசிகளை எடுத்துக்கொண்டார்கள். எங்கே குத்தினார் என்று கேட்டார்கள். கடைசியாக எப்போது குத்தினார் என்று எவரும் கேட்கவில்லை.

அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. கடைசி ஊசிக்குப் பின் 8 முதல் 12 மணி நேரத்தில் ‘வித்ட்ராயல்’ எனப்படும் விலகல் வேதனை தொடங்கும். முதலில் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர். பிறகு மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் நுழைந்தாற்போன்ற வலி, நிலைகொள்ளாமல் உதைக்கும் கால்கள். இரண்டாம், மூன்றாம் நாள்களில் அது உச்சத்தை அடையும். கட்டியைக் கீறிய புண்ணின் வலியும் அதனோடு சேர்ந்துகொண்டது. அவர் வலி மருந்து கேட்டார். போதைக்காகக் கேட்கிறார் என்று இரவுப்பணியில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நாற்பது கட்டில்களுக்கு இரண்டு செவிலியர், அதற்கு முந்தைய மாதம் வார்டின் கழிப்பறையில் கிடந்த ஊசி ஒன்று துப்புரவுப் பணியாளரின் கையில் குத்திய நினைவு வேறு. ஓபியாய்டு பழகிய உடலுக்கு வழக்கமான அளவு வலி மருந்து போதாது என்பதை அவர்களுக்குக் கற்றுத்தந்தவரும் இல்லை. இரண்டாம் இரவு, மூன்று மணியளவில், கையில் கேனுலாவோடு, அதைக் கைக்குட்டையால் சுற்றி மறைத்துக்கொண்டு அவர் வெளியே நடந்தார். அம்மாள் கட்டிலுக்கடியில் பாய் விரித்து உறங்கிக்கொண்டிருந்தார். உறங்குவதுபோல் கிடந்தார் என்பதே உண்மை என்று பின்னாளில் அவரே சொன்னார். மகன் துடிப்பதைப் பார்ப்பதைவிடப் போவதைப் பார்க்காமலிருப்பது எளிதாக இருந்ததாம்.

அந்தக் கேனுலா வழியாகவே அடுத்த ஊசிகளைப் போட்டுக்கொண்டார். ஆறாம் நாள் மூச்சுத்திணறலோடு தூக்கிவந்தார்கள். இதயத்தின் வலப்புற வால்வில் தொற்று, அங்கிருந்து சீழ்த்துகள்கள் நுரையீரலுக்குச் சிதறியிருந்தன. இதற்கு நரம்பு வழியே நுண்ணுயிர்க்கொல்லி நான்கு முதல் ஆறு வாரம் போக வேண்டும். இரண்டு இரவு தங்க முடியாதவர் நாற்பது இரவு எப்படித் தங்குவார்?

இதில் மனத்தை உறுத்துவது தூரம். அதே வளாகத்தில், புறநோயாளிகள் கட்டடத்துக்குப் பின்னால், ஓபியாய்டு மாற்றுச் சிகிச்சை மையம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. நாக்கின் அடியில் கரையும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையைப் பணியாளர் கண்முன் நாள்தோறும் தரும் மையம் அது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டம், அரசின் மருந்து. நடந்துவருபவருக்கு மட்டும்தான் கிடைக்கும். வார்டில் படுத்திருப்பவர் அந்த மையத்துக்குப் புறநோயாளி அல்லர், மையத்தின் மருந்தோ வார்டின் மருந்துப் பட்டியலில் இல்லை. இந்தியாவின் முதல் மாநில எய்ட்ஸ் கொள்கையை 1996-இலேயே வகுத்து, தீங்குக் குறைப்பை அதில் ஏற்றுக்கொண்ட மாநிலத்தில் இப்படி.

இம்முறை மையத்தின் களப்பணியாளர் ஒருவர் வார்டுக்கு வந்தார். அவரும் ஒரு காலத்தில் ஊசி போட்டவரே. மையத்தின் மருத்துவரையும் அறுவைப் பிரிவின் மருத்துவரையும் தொலைபேசியில் பேச வைத்தது அவர் செய்த பெரிய காரியம். மாத்திரையை உடனே தரவில்லை. உடலில் ஹெராயின் மிச்சமிருக்கும்போது பியூப்ரினார்ஃபின் தந்தால் அதுவே விலகல் வேதனையைச் சட்டென்று மூட்டிவிடும். கொட்டாவியும் மயிர்க்கூச்சும் தெளிவாகத் தெரியும்வரை அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். பிறகு முதல் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. மறுநாள் முதல் வார்டுச் செவிலியரே மையத்துக்குப் போய் வாங்கிவந்து தந்தார். பதிவேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது.

பயத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2017-இன் 22-ஆம் பிரிவு, தூய ஊசி வழங்குவதும் மாற்றுச் சிகிச்சை தருவதும் குற்றமாகா என்று எடுத்துக்காட்டுகளோடு சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தமோ ‘சிகிச்சை’க்குப் பக்கத்தில் ‘மேனேஜ்மென்ட்’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தது. முற்றும் விடாதவரையும் கவனிக்கலாம் என்பதற்கு அச்சொல் இடந்தருகிறது. சட்டம் ஒரு சொல் முன்னே நகர்ந்துவிட்டது, வார்டின் படிவம் நகரவில்லை. தமிழையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ‘குடிகாரன்’ மெல்லக் ‘குடிநோயாளி’ ஆன மொழியில், ஊசி போடுபவர் இன்னும் ‘போதை அடிமை’தான்.

மாத்திரையோடு எல்லாம் முடிந்துவிடாது. சிலருக்கு அது ஒத்துவராது, சிலர் அதையும் எடுத்துக்கொண்டு இடையிடையே ஊசியும் போடுவர். அவர்களுக்கு வார்டில் தூய ஊசியும், கூர்முனைகளைப் போடும் பெட்டியும், மூச்சு நின்றால் மீட்க நாலாக்சோனும் வேண்டும். கனடாவின் எட்மன்டனில் ராயல் அலெக்சாண்ட்ரா மருத்துவமனை 2018-இல் உள்நோயாளிகளுக்கென்றே கண்காணிப்புடன் ஊசி போட்டுக்கொள்ளும் அறையைத் திறந்தது. இங்கே அத்தகைய அறையைப் பற்றிப் பேசினாலே கூட்டம் கலைந்துவிடும். ஆனால் தாழிட்ட கழிப்பறையில், பழைய ஊசியோடு, அதே செயல் இங்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தத் துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தியது அப்படி ஒளித்துவைத்த ஊசிதான். 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, ஊசி வழியே போதைப்பொருள் எடுப்போர் நாட்டில் சுமார் 8.5 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்கள் ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒரு வார்டுக்கு வந்தே தீர்வார்கள்.

ஓட்டுநர் இருபத்தொன்பது நாள் தங்கினார். நடுவில் ஒரு மாலை காணாமல் போனார். கோப்பில் அதே சொல்லை எழுதப்போன பயிற்சி மருத்துவரை, மாத்திரை வாங்கிவரும் அதே செவிலியர், இரவு உணவு வரை பொறுக்கச் சொன்னார். எட்டு மணிக்குத் திரும்பிவந்தார், கண்கள் சற்றே சொருகியிருந்தன. எவரும் பையைச் சோதிக்கவில்லை. மூச்சின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார்கள், இரவு முழுவதும் மணிக்கொரு முறை பார்த்தார்கள், காலையில் அடுத்த வேளை மருந்தை ஏற்றினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு சேர்க்கைகளும் அடுத்தடுத்து உள்ளன. முதலாவதற்கு எதிரே ‘அப்ஸ்காண்டட்’ அப்படியே இருக்கிறது. இரண்டாவதற்கு எதிரே மையத்தின் பதிவு எண்ணும், மறுநாள் மாத்திரைக்கு வரவேண்டிய நேரமும்.