பூனையும் அரைக்கீரைப் பாத்தியும்

மக்களே, பி.காம் படிக்கிறவனுக்குப் பூனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். தாமல் மாதிரி ஊரில் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி இருந்தால் இந்தப் பாடம் தானாக வந்துவிடும் :)

பூனைக்கு நம் கீரை மேல் எந்த விரோதமும் இல்லை. அதற்கு வேண்டியது காய்ந்த, பொலபொலவென்ற மண். நாமோ கொத்தி, கல் பொறுக்கி, எரு போட்டு, விதைப்பதற்காக அதே மண்ணைத் தயார் செய்கிறோம். நமக்காகத்தான் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயம், குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்றும் பேர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனைகள் தேடி வந்து முகத்தைத் தேய்த்துப் புரளும். களையெடுத்துப் பாத்தி ஓரத்திலேயே போடுவது, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரிதான்.

எங்கள் வீட்டில் இது பெரிய பிரச்சனை ஆனதற்குக் காரணம் அக்கா. வளைகாப்பு முடிந்து வந்திருக்கிறாள். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண், மூளை வரை பாதிக்க வாய்ப்பு உண்டு. அம்மா பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் உறவுக்காரர் ஒருவர் சொன்ன வைத்தியம்தான் தூக்கிவாரிப் போட்டது. "கருவாட்டுல கொஞ்சம் குருணை மருந்து கலந்து வச்சிடும்மா, வேலை முடிஞ்சுது!"

வேலை எங்கே முடியும்? நாம் சாப்பிடுகிற கீரைக்குப் பக்கத்திலேயே விஷம். கோழி கொத்தும், நாய் தின்னும், தெருப் பிள்ளைகள் கை வைக்கும். அந்தப் பூனையோ பக்கத்து வீட்டுப் பெரியம்மா சோறு வைத்து வளர்ப்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி, விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். வணிகச் சட்டத்தோடு இதையும் படித்து வைத்தேன்.

"அப்போ பினாயில் ஊத்தலாமா? அந்துருண்டை போடலாமா?" என்றார் அம்மா. அதுவும் வேண்டாம். பூனை காலை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. பினாயிலில் உள்ள பீனால் வகை ரசாயனங்களை அதன் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. அந்துருண்டையும் விஷமே. மிளகாய்த்தூள் கண்ணில் பட்டால் பாவம். சாக்கில் கட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டால்? இடம் காலியானால் வேறு பூனை வரும், இல்லையென்றால் நெல் மூட்டைக்கு எலி வரும்!

நான் செய்தது ரொம்ப சிம்பிள். விதைத்ததும் பாத்தி மேல் கோழி வலையைப் படுக்கையாக விரித்து, ஓரங்களில் கல் வைத்தேன். பூனையால் தோண்ட முடியாது, கீரை கண் வழியாக மேலே வரும். அரைக்கீரை என்பதால் பிடுங்க வேண்டியதில்லை, அறுத்துக்கொண்டே இருக்கலாம். வலை போடாத பாத்தியில் தென்னங்குச்சிகளை நெருக்கமாக நட்டேன். மண்ணை எப்போதும் ஈரமாக வைத்துக்கொண்டேன்.

ஒரு கதவை மூடினால் இன்னொன்றைத் திறக்க வேண்டும் இல்லையா? வேலியோரம் காய்ந்த மணலைக் கொட்டி, குப்பைமேனி வேரையும் அங்கேயே போட்டேன். தினமும் கையுறை போட்டு அள்ளுவது என் வேலை. அந்த ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட வேண்டும். அக்கா அந்தப் பக்கம் போவதில்லை. கீரையை நாலு தண்ணீரில் அலசி, நன்றாக வேகவைத்துத்தான் கடைகிறோம்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது சண்டைக்கு வருவாரோ என்று பயந்தேன். "பழைய மணல் எங்க வீட்லயும் கெடக்குப்பா, எடுத்துக்கோ" என்றார். விஷம் வைத்திருந்தால் அந்த வீட்டோடு பேச்சே நின்றிருக்கும். இந்தச் செலவுக் கணக்கில் எனக்கு அதுதான் பெரிய லாபம்.