நாற்பது வளைவுகள்

எங்கள் திருப்பூரில் ஒரு மனிதனுடைய அந்தஸ்தை அளப்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. அவன் கொட்டகையில் எத்தனை பின்னல் இயந்திரங்கள் ஓடுகின்றன என்பது ஒன்று. அவன் வீட்டு வாசலில் எத்தனை பெரிய வண்டி நிற்கிறது என்பது மற்றொன்று. முதலாவதில் நான் சாமான்யன். ஆகவே இரண்டாவதிலாவது தலைநிமிர்வோம் என்று எண்ணி, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் இனத்து வண்டி ஒன்றை வாங்கினேன்.

வண்டியோடு ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். எந்த எண்ணெயை எப்போது மாற்றவேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. அதைப் பூஜை அறைப் புத்தகத்தைப் போலவே பக்தியுடன் பாதுகாத்தேன். அதாவது, ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய காலம் முதல், ஜீப் என்றால் காட்டிலும் மேட்டிலும் உழைப்பதற்கென்றே பிறந்தது என்ற பெயர் நம் நாட்டில் நிலைத்துவிட்டதல்லவா? அதற்குப் போய்ச் சிசுருஷை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இந்த மூடத்தனம் வால்பாறையில் கலைந்தது. ஆழியாற்றிலிருந்து அவ்வூருக்கு ஏற நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஆனந்தமாய் ஏறினோம். இறங்கும்போதோ, பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் ஏதோ கருகும் நாற்றம் வந்தது. பிரேக்கை மிதித்தேன். அது பஞ்சு மூட்டையைப் போல் உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. பின்னால் என் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள்.

“அப்பா, வண்டி ஏன் நிக்க மாட்டேங்குது?” என்றாள் சிறுமி.

பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப் பிரேக்கையும் மெல்ல இழுத்து, மலைச் சுவர் ஓரமாக ஒருவாறு நிறுத்தினேன். சூடு தணியும்வரை காத்திருந்து, பிறகு முதல் கியரிலேயே ஆமையைப் போல் அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பல்லடம் சாலையிலுள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வயதான மிஸ்திரி பிரேக் திரவத்தைச் சிறிது எடுத்துக் காட்டினார். காப்பி டிகாக்ஷன் தோற்றுவிடும்!

“மாத்தி எத்தனை வருஷமாச்சுங்க?”

“வாங்கினதிலிருந்து மாற்றவில்லை. நாலு வருஷம் இருக்கும்.”

அவர் விஷயத்தை விளக்கினார். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிவிட்டால் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, குமிழியோ சுருங்கிவிடும். ஆகவே நாம் மிதிக்கிற மிதி சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையேனும் அதை மாற்றுவது நலம்.

அடுத்தபடி காற்று வடிகட்டியை வெளியே எடுத்தார். அதில் எங்கள் ஊர்ப் பஞ்சு மெத்தை தைத்தாற்போல் படிந்திருந்தது. ரேடியேட்டரின் இடுக்குகளிலும் அதே கதைதான்.

“ஏனுங்க முதலாளி, உங்க பின்னல் மெஷினுக்குத் தினமும் எண்ணெய் விடறீங்க, காத்தடிச்சுப் பஞ்சைத் தட்டறீங்க. ஒரு ஊசி ஒடைஞ்சா துணியிலே கோடு விழுந்துருமுன்னு அவ்வளவு பயம். புள்ளைகளைக் கூட்டிட்டுப் போற வண்டிக்கு அந்தப் பயம் வேண்டாமுங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோடு விழுந்த துணியைத் தள்ளுபடி விலைக்காவது விற்றுவிடலாம். மலைப்பாதையில் நேரும் பிழைக்குத் தள்ளுபடி ஏது?

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் வண்டிக்குத்தான் முதல் உபசாரம். சமதரையில் நிறுத்தி, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே அளவுக்குச்சியை உருவி, எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். டீஸல் வண்டியில் எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. புத்தகம் சொல்லும் கிலோமீட்டரோ மாதமோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் இந்த விதி உண்டு. டயரின் காற்றை, ஓடிச் சூடேறுமுன் அளக்கிறோம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பதில்லை.

என் வண்டியைப் போல் வேண்டும்போது மட்டும் நான்கு சக்கர விசையைச் சேர்க்கும் வண்டியானால், மாதம் ஒரு முறை மண் பாதையில் சிறிது தூரம் அப்படி ஓட்டுவது நல்லது. உள்ளே எண்ணெய் பரவும்; இணைப்புகள் இறுகிப்போகா. ஆனால் காய்ந்த தார் ரோட்டில் அது கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். இரண்டையும் பூட்டிவிட்டால் பல்சக்கரங்கள் முறுக்கேறித் துன்புறும்.

சென்ற மாதம் மீண்டும் வால்பாறைக்குப் போனோம். திரும்புகையில் பிரேக்கை ஓயாமல் மிதிக்காமல், ஏறின கியரிலேயே இறக்கினேன். சிறுமி நாற்பதிலிருந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். “ஒண்ணு!” என்று அவள் கூவியபோது எதிரே ஆழியாறு நீர்த்தேக்கம் வெயிலில் மின்னியது. என் மனைவி முன் இருக்கையின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். அவள் அதுவரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதையே நான் அப்போதுதான் கவனித்தேன்.