காசிமேட்டுப் பனிக்கட்டி

விடியற்காலை நாலரை மணிக்கு, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரைசேர்ந்து கூடைகள் கைமாறிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு பெண்மணி மீனையும் கடலையும் ஏறெடுத்தும் பாராமல், வண்டியிலிருந்து இறக்கிவைத்த ஐஸ் பார் ஒன்றின் முன் மண்டியிட்டு, உதவியாளன் பின்புறமிருந்து விளக்கைப் பிடிக்க, அதைப் பல கோணங்களிலும் படமெடுத்துக்கொண்டிருந்த விசித்திரத்தை நானும் கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூடை தூக்கும் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாம்மா, மீனை வுட்டுட்டு ஐஸைப் புடிக்கிறே?”

“சனி கிரகத்துக்குப் போவணும்ணே, அதுக்குத்தான்.”

“அது தானா வந்து புடிக்கும்மா. நாம எதுக்குத் தேடிப் போவணும்?” என்று சொல்லிவிட்டு அவர் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார்.

அம்மையார் சொன்னதில் பொய்யில்லை. சாலிகிராமத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, ஐந்து இளைஞர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் காட்சி வரைந்து அனுப்புவது அவருடைய ஜீவனம்; சனியைச் சுற்றிவரும் என்செலடஸ் என்ற பனிச்சந்திரனில் விண்வெளி வீரர் இருவர் நடந்துபோகிற எட்டு வினாடிக் காட்சிதான் அப்போது கையிலிருந்த வேலை. பனி பெய்யும் தேசம் எதையும் கண்டிராத அவருக்குக் காசிமேடுதான் இமயமலை. அந்தக் கட்டியின் ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்தும் நடுப்பகுதி பால்போல் வெளுத்தும் இருப்பதைத் தொட்டுக் காட்டி, அச்சில் ஊற்றிய நீர் வெளிப்புறத்திலிருந்து உறைந்துகொண்டே வரும்போது அதில் கரைந்திருந்த காற்றும் உப்பும் உள்ளே தள்ளப்பட்டு நடுவில் சிறைப்படுவதால் வந்த வித்தியாசம் அது என்றும், வெளிச்சம் பனிக்கட்டியின் மேல் பட்டவுடனே திரும்பிவிடாமல் உள்ளே சற்றுத் தூரம் புகுந்து சிதறி வெளிவருகிற பாங்கைப் பிடிக்காவிட்டால் எவ்வளவு வரைந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது பிளாஸ்டிக்தான் என்றும் சொன்னார். அந்த வேலையைப் பார்க்க நானும் கூடவே கிளம்பினேன். பார் ஒன்றை விலைக்கு வாங்கிச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் எங்கள் காலடியில் கிடத்திக்கொண்டு சாலிகிராமம் வந்து சேர்ந்தோம்.

என்செலடஸ் மிகச் சிறிய உலகம். 1789-இல் வானியலாளர் ஹெர்ஷல் கண்டுபிடித்த அதன் குறுக்களவு 504 கிலோமீட்டர்தான். சென்னையில் ரயிலேறியவன் நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் அதைத் துளைத்து மறுபுறம் வந்துவிடலாம். 2005-இல் காசினி விண்கலம் அதன் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் ஆகாயத்தில் பீறிட்டெழுவதைக் கண்டது முதல் அதன் கீர்த்தி பெருகிற்று. அவை பீறிடும் நான்கு நீண்ட பிளவுகளுக்குப் புலிவரிகள் என்று பட்டப்பெயர். அரபிக் கதைகளை நினைத்து பாக்தாத், டமாஸ்கஸ், கெய்ரோ, அலெக்ஸாண்டிரியா என்று தனிப்பெயர்களும் உண்டு.

இந்த உலகத்தை வரைவதில் உள்ள சங்கடம் குளிர் அன்று, காற்றில்லாமை. நம் மலைகளை வரைகிற சித்திரக்காரன் அருகிலுள்ளதை அழுத்தமாகவும் தொலைவிலுள்ளதை நீலம் பாரித்து மங்கலாகவும் தீட்டுகிறான்; பழைய நாடகக் கம்பெனிகளின் படுதாவில் காடும் கோபுரமும் காத தூரம் போனது இந்த உபாயத்தால்தான். காற்றற்ற இடத்திலோ காலடிக் கல்லும் பத்து மைல் அப்பாலுள்ள குன்றும் ஒரே கூர்மையோடு நிற்குமாதலால், எது கல், எது குன்று என்று கண்ணால் பிரித்தறிய வழியில்லை. விண்வெளி வீரரைப் படத்தில் நிறுத்துவது வீரத்தைக் காட்டுவதற்கென்று அதுவரை எண்ணியிருந்தேன். வாஸ்தவத்தில் அவர் ஓர் அளவுகோல். அம்மையார் திரையில் அந்த இரண்டு உருவங்களையும் ஒரு கணம் மறைத்தார். பிரம்மாண்டமான பள்ளத்தாக்கு உடனே மேஜைமேல் கிடக்கும் உடைந்த ஐஸாகிவிட்டது. உருவங்கள் திரும்பி வந்தன, பள்ளத்தாக்கும் வந்தது.

அந்த வீரர்களை நடக்கவைப்பதும் எளிதாயில்லை. அங்கே ஈர்ப்பு பூமியில் உள்ளதில் எண்பத்தேழில் ஒரு பங்கு. நம் வீட்டுக் கூடத்தில் அரையடி எம்புகிற எம்பு அங்கே ஒருவனை நாற்பதடிக்கு மேல் தூக்கிச் சென்று, அரை நிமிஷம் கழித்துத்தான் கீழே விடும். சந்திரனில் நடந்தவர்களின் துள்ளலைப் பார்த்து முதலில் அசைவு அமைத்த பையன், அதையெல்லாம் அழித்துவிட்டு, பனியில் முளையடித்துக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு அவர்கள் ஊர்ந்து போவதாக மாற்றியிருந்தான். தொய்ந்த கயிறு தரையில் விழ அவசரப்படாமல் சுருள் சுருளாக மிதக்கிறது. அதற்கு மட்டும் பதினொரு நாள் பிடித்ததாம். “ஆளைவிடக் கயிறுதான் சார் சொல்லுது, இங்கே எடை இல்லைன்னு” என்றான். எட்டு வினாடியில் ஒருவரும் கவனிக்கப்போகாத கயிறு என்று என் வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

சச்சரவு வளையத்தில் வந்தது. அந்தச் சந்திரன் சனியின் வளையங்கள் கிடக்கும் தளத்திலேயே சுற்றிவருவதால், அங்கே நிற்பவனுக்கு வளையம் அகன்ற தட்டாகத் தெரியாது. கத்தியின் விளிம்பைப்போல் ஒரே மெல்லிய கோடு. தென்துருவத்தருகே சனியோ அடிவானத்தில் பாதி அமிழ்ந்த மாபெரும் குவிமாடம். மே 2025-இல்தான் பதினைந்தாண்டுக்கு மேற்பட்ட இரவு முடிந்து அங்கே சூரியன் தலைகாட்டத் தொடங்கியது என்பதால் வெளிச்சத்தையும் தாழவைத்து, நிழல்களை நெடுந்தூரம் ஓடவிட்டு, பீறிடும் துகள்களை எதிர்வெளிச்சத்தில் மினுக்கவைத்து, மனசுக்கு நிறைவாகச் செய்து அனுப்பியிருந்தார். வளையத்தைச் சாய்த்து அகலமாக்குங்கள் என்று படக்காரர்களிடமிருந்து பதில் வந்திருந்தது.

விண்வெளிச் சித்திரத் துறையின் பிதாமகரான செஸ்லி போன்ஸ்டெல்லும் சினிமாவுக்குப் பின்னணி வரைந்தவரே. 1941-இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் அவர் கைவேலை உண்டு. டைட்டன் என்ற மற்றொரு சந்திரனிலிருந்து தெரியும் சனியை அவர் வரைந்து 1944-இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வெளிவந்த படத்தில் ஆகாயம் நீலமாயிருக்கும். 2005-இல் ஹைகன்ஸ் கலம் இறங்கிப் பார்த்தபோதோ அது ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். ஆயினும் அந்தப் படத்தைக் கண்டு மயங்காதவர் உண்டா? அத்தனை பெரியவரே பிழைபட்டிருக்க, இந்த ஒரு வளையத்துக்காக மனம் நோகலாமா என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

“அவருக்குத் தெரியாது, வரைஞ்சாரு. எனக்குத் தெரியுமே சார்” என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் மாத வாடகை கொடுக்கிறவன் நானல்லன். மீண்டும் ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருக்க, பக்கத்து அறையில் 192 சட்டகங்களையும் கணக்கிட்டுக்கொண்டிருந்த இயந்திரங்களின் அனல் கதவிடுக்கு வழியாக வந்து முகத்தில் அடித்தது. அலுமினியத் தட்டிலிருந்த ஐஸ் பார் அதற்குள் உள்ளங்கையளவு வெள்ளைக் கட்டியாகிவிட்டது. கணக்கெழுதும் பையன் நோட்டோடு வந்து, இந்த மாதத்தில் இது ஒன்பதாவது பார், எந்தத் தலைப்பில் எழுதுவது, ஜூஸ் கடை வைத்திருக்கிறீர்களா என்று ஆடிட்டர் கேட்பாரே என்றான். “போக்குவரத்துன்னு எழுது” என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடியலுக்கு ஆட்டோவைச் சொல்லச் சொன்னார்.